கொள்ளிடக் கரையில் கட்டுச்சோறு

"ஆத்துல பலகை போட்டுல்ல உக்காந்திருக்காங்க!"

கீழப்பழுவூர் வீட்டுத் திண்ணையில் கைபேசியை எட்டப் பிடித்துப் பார்த்த அப்பாயிக்கு நம்பிக்கை வரவில்லை. பேத்தி திரையை விரலால் விரித்துப் பெரிதாக்கிக் காட்டினாள். நீளமான மரத்தளம், அதன்மேல் வரிசையாகக் குட்டை மேசைகள், ஓரத்தில் விளக்குகள், தளத்துக்கு அப்பால் ஆறு. நடுவில் சம்மணம் போட்டுச் சிரித்துக்கொண்டு அவருடைய பேரன்.

2024 ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. ஒசாகாவில் வேலை பார்க்கும் பேரனை, முந்தின நாள் மாலை அவனுடைய மேலாளர் கியோட்டோவுக்கு அழைத்துப்போய் விருந்து கொடுத்திருந்தார். படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டவன், அப்பாயிக்கு விளங்காது என்று நினைத்துத் தானே போன் போட்டும் பேசினான். அப்பாயிக்கு விளங்காமல் இல்லை. கேள்விகள்தான் இருந்தன.

"தண்ணி எவ்வளவு ஆழம்?"

"நாங்க உக்காந்திருந்தது ஆத்துக்கு மேல இல்ல அப்பாயி. ஆத்தை ஒட்டி ஒரு சின்ன வாய்க்கால் ஓடுது. அதுக்கு மேலதான் பலகை."

"சாப்பாடு என்ன வெல?"

"பத்தாயிரம் யென்னுக்கு மேல. நம்ம காசுக்கு ஐயாயிரத்தைத் தாண்டும்."

"எல்லாருக்கும் சேத்தா?"

"ஒரு ஆளுக்கு."

"ஒரு ஆளுக்கு ஐயாயிரமா! அந்த வாய்க்கால்ல என்ன பன்னீரா ஓடுது?"

பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாயி சிரிக்கவில்லை. அவருக்கு இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது.

"பரிமாறுனது யாரு?"

"கடைக்காரங்கதான். உக்காந்த எடத்துக்கே ஒண்ணொண்ணா வந்துச்சு."

"வந்திருந்த பொம்பளைங்களும் கூடவே உக்காந்துதானே சாப்பிட்டாங்க?"

பேரனுக்கு இந்தக் கேள்வி எதற்கென்று புரியவில்லை. "ஆமா அப்பாயி, எல்லாரும்தான்" என்றான்.

"ம்" என்று சொல்லிக் கைபேசியைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டார்.

பேரன் போய் வந்த இடம் ஜப்பானில் பெயர்பெற்றது. கியோட்டோ மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஊர். கோடையில் காற்று அசையாது, உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். கடலூர் வெயிலைப் பார்த்தவர்கள்கூட அங்கே போய் விசிறியைத் தேடுவார்கள். அதனால் காமோ ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் உணவகங்கள், மே மாதம் பிறந்ததும் தங்கள் கொல்லைப்புறத்தில் ஆற்றைப் பார்த்து மரத்தளம் கட்டுகின்றன. இலையுதிர் காலம் வந்ததும் பிரித்து அடுக்கிவிடுகின்றன. ஆண்டுதோறும் கட்டுவதும் பிரிப்பதும் நம் ஊர்த் திருவிழாப் பந்தல் மாதிரிதான். ஹிதெயோஷி ஜப்பானை ஆண்ட காலத்தில், ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன்பு, வியாபாரிகள் ஆற்றங்கரையில் இருக்கை போட்டு விருந்தாளிகளை உபசரித்ததில் தொடங்கிய வழக்கம் என்கிறார்கள். 1935-ல் வந்த பெருவெள்ளம் தளங்களை அடித்துக்கொண்டு போனது. பிறகு மெல்ல மெல்லத் திரும்பவும் கட்டினார்கள்.

அங்கே எல்லாவற்றுக்கும் விதி உண்டு. தளம் எப்படி இருக்கவேண்டும், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை போடலாம் என்பதெல்லாம் எழுதி வைத்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் பகல் சாப்பாடு அந்தத் தளத்தில் கிடையாது, மாலையில்தான். மழை வந்தால் உள்ளே மாறிக்கொள்ளலாம். பேரன் போன அன்றும் பாதிச் சாப்பாட்டில் தூறல் போட்டதாம். சத்தமே இல்லாமல் பணிப்பெண்கள் வந்து தட்டுகளை எடுத்துப்போய் உள்ளே அதே வரிசையில் வைத்துவிட்டார்களாம். அதைத்தான் அவன் பெரிய அதிசயமாகச் சொன்னான்.

தட்டில் வந்தது ஹாமோ என்ற மீன். விலாங்கு மாதிரி நீண்ட கடல் மீன். உடம்பெங்கும் பொடி முள். ஓர் அங்குலத்துக்கு 20-க்கும் மேல் வெட்டு விழும்படி, ஆனால் தோல் அறுந்துவிடாதபடி, கத்தியால் கீறிக்கொண்டே போகிறார்கள். முள் வாயில் தட்டாமல் போய்விடுகிறது. இவ்வளவு பாடு எதற்கு, வேறு மீனா இல்லை? இல்லைதான். கியோட்டோ கடலிலிருந்து தள்ளி இருக்கிறது. பனிக்கட்டி வண்டியெல்லாம் இல்லாத காலத்தில், கோடை வெயிலில் கடற்கரையிலிருந்து தூக்கிவந்தால் வழியில் சாகாமல் ஊர் வந்து சேர்ந்த மீன் அதுதான். உயிர்க்கெட்டி. அதனாலேயே கோடை விருந்தில் அதற்கு முதல் இடம்.

இதைக் கேட்டபோது மட்டும் அப்பாயி தலையாட்டினார். வெயிலில் நெடுந்தூரம் போனாலும் கெடாத சாப்பாட்டைப் பற்றி அவருக்குத் தெரியும்.

கீழப்பழுவூர் ஆற்றங்கரை ஊர் இல்லை. அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில், சுண்ணாம்புக்கல்லும் சிமென்டும் ஏற்றிய லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகிற ஊர். ஆலந்துறையார் கோயில் உண்டு. பக்கத்திலேயே மேலப்பழுவூர். பழுவேட்டரையர்கள் இருந்து ஆண்ட சீமை இது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குப் பழுவேட்டரையரையும் தெரியும், அந்தக் கதை ஆடிப் பதினெட்டில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குவதும் தெரியும். 1950-ல் கல்கி அந்தத் தொடரை ஆரம்பித்தபோது, முதல் காட்சியிலேயே மக்களைக் குடும்பம் குடும்பமாகக் கரையில் உட்காரவைத்துச் சாப்பிட வைத்துவிட்டார். பழுவூர்க்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை. ஆனால் ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றைப் பார்க்க வேண்டுமானால் அவர்கள் தெற்கே, திருமானூர்ப் பக்கம்தான் போகவேண்டும்.

அப்பாயி அந்தப் பக்கத்தில் பிறந்தவர். கொள்ளிடத்தின் வடகரையில், கதவைத் திறந்தால் கரை தெரியும் வீடு. 1966-ல், 18 வயதில், வாழ்க்கைப்பட்டுக் கீழப்பழுவூர் வந்தார். வந்த வீட்டில் மானாவாரி நிலம், கடலை, கம்பு, கிணற்றில் கயிறு போட்டு இறைக்கிற தண்ணீர். ஆற்று மணலில் ஓடி வளர்ந்த பெண்ணுக்குச் செம்மண்ணில் கால் ஊன்றவே ஒரு வருஷம் ஆயிற்றாம்.

அந்த வீட்டில் 14 பேர். மாமனார், மாமியார், கொழுந்தன்மார், நாத்தனார், அவர்கள் பிள்ளைகள். ஆண்களுக்கு முதல் பந்தி, பிள்ளைகளுக்கு இரண்டாம் பந்தி, மாமியாரும் நாத்தனாரும் அப்புறம். மருமகள் கடைசி. அதுவும் பந்தி என்று சொல்ல முடியாது. அடுப்படியில் குத்துக்காலிட்டு, சட்டியில் மிச்சம் இருப்பதைப் போட்டுக்கொண்டு, வாசலில் யாராவது கூப்பிட்டால் கையைக் கழுவிவிட்டு எழுந்து போவது. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று அப்பாயியே சொல்லுவார். குறையாகச் சொல்லமாட்டார்.

ஆடிப் பதினெட்டு மட்டும் வேறு. விடியக் கருக்கலில் இரண்டு கூண்டு வண்டி பூட்டுவார்கள். ஆற்றுக்குப் போய்ச் சேர வெயில் ஏறிவிடும். அடுப்பு மூட்ட அங்கே வழியில்லை. எல்லாம் வீட்டிலேயே ஆக்கி, இலையில் கட்டி எடுத்துப் போவதுதான். ஆளுக்கு ஒரு பொட்டலம். ஆற்று மணலில் வட்டமாக உட்கார்ந்து அவரவர் பொட்டலத்தை அவரவர் பிரித்தால் ஆயிற்று. பரிமாற ஒன்றும் இல்லை. முதல் வருஷம் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுகொண்டே இருந்த புது மருமகளை, மாமியாரே "ஏன் நிக்கிற, உக்காந்து தின்னு" என்றாராம். மாமனார் எதிரில், கொழுந்தன்மார் எதிரில், எல்லாரோடும் ஒரே நேரத்தில் அவர் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. அந்த வீட்டுக்கு வந்தபிறகு அவர் சூடு ஆறிய சோற்றை ருசித்துச் சாப்பிட்டதும் அன்றுதான். மற்ற நாள் ஆறிய சோறு வேறு கணக்கு.

கட்டுச்சோறு கட்டுவது ஒரு வித்தை. புளிக்காய்ச்சலை முந்தின நாள் ராத்திரியே காய்ச்சிவிட வேண்டும். நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை இறக்கக்கூடாது. சோற்றைச் சூட்டோடு பிசைந்தால் குழையும், கட்டினால் வேர்த்து ஊசிப்போகும். தாம்பாளத்தில் பரப்பி, எண்ணெய் விட்டு, விசிறி, நன்றாக ஆறிய பிறகே கலக்க வேண்டும். இலையைத் தணலில் காட்டி வாட்டினால்தான் மடிக்கும்போது கிழியாது. எலுமிச்சைச் சோறு மத்தியானம் வரை தாங்கும். தேங்காய்ச் சோறு பத்து மணிக்கு மேல் நம்பக்கூடாது, அதனால் அதை முதலில் சாப்பிட்டுவிட வேண்டும். தயிர்ச் சோற்றுக்குப் பாலும் கொஞ்சம் தயிரும் விட்டுப் பிசைந்தால் போய்ச் சேரும்போது பதமாகத் தோய்ந்திருக்கும். புளிச்சோறு மறுநாள்கூடக் கெடாது. கூடவே சாமிக்குக் காப்பரிசி: ஊறவைத்த பச்சரிசி, வெல்லம், எள், தேங்காய்ச் சில்லு.

ஆற்றில் தண்ணீர் ஓடுமா என்று யாரும் கேட்டுவிட்டுப் போனதில்லை. கொள்ளிடம் அப்படிப்பட்ட ஆறு. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. பாசனத்துக்கு வேண்டிய தண்ணீர் காவிரியோடு போகும். மிஞ்சுகிற வெள்ளம்தான் கொள்ளிடத்துக்கு. 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். 1934-ல் மேட்டூர் அணை வந்தது. மேலே அணை நிரம்பினால்தான் கீழே கொள்ளிடத்தில் ஓட்டம். பல ஆடியில் கரைக்குக் கரை வெறும் மணல்தான் கிடக்கும். அதனால் என்ன? மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று சுரக்கும். முதலில் கலங்கி வரும். இரண்டு முறை இறைத்து ஊற்றினால் கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும். அந்த ஊற்றுக்குப் பக்கத்தில் ஈர மணலைக் குவித்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டு, பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, பிறகு சாப்பிட உட்காருவார்கள். சின்னப் பையன்கள் சப்பரம் இழுத்துக்கொண்டு மணலில் ஓடுவார்கள். குடிக்கத் தண்ணீரும் அந்த ஊற்றிலிருந்தே. அந்தத் தண்ணீருக்கு இளநீரை ஈடு சொல்லமாட்டார் அப்பாயி.

இப்போது வீட்டில் 14 பேர் இல்லை. அப்பாயி, மகன், மருமகள், ஏழாவது படிக்கும் பேத்தி, அவ்வளவுதான். பந்தி வரிசையும் இல்லை. மகன் மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். லாரி டயர் வேலைக்கு ஓய்வே கிடையாது. ஆற்றுக்குப் போவதை நிறுத்தியது அவர்தான்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு, அடுத்த தெருப் பையன் ஒருவன் கூட்டாளிகளோடு கொள்ளிடத்தில் குளிக்கப் போனான். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. மேலே பார்க்க இடுப்பளவு. அடியில் மணல் அள்ளிய பள்ளம். ஆற்றில் மணல் எடுத்த இடத்தைத் தண்ணீர் மூடிவிட்டால், கரையில் நிற்பவருக்கு எல்லாம் ஒரே மட்டமாகத்தான் தெரியும். ஓரடி எடுத்துவைத்தால் இரண்டு ஆள் ஆழம். பையனைத் தூக்கிவந்த வண்டியை ஓட்டியவர் அப்பாயியின் மகன். அந்த ஆடியிலிருந்து வீட்டில் யாரும் ஆற்றுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். பேத்தி அப்போது கைக்குழந்தை. அவள் ஆற்று மணலில் உட்கார்ந்து ஒரு வாய் சோறு தின்றதில்லை.

அவரைத் தப்புச் சொல்ல முடியாது. அந்தப் பையனின் ஈரச் சட்டை அவர் தோளில் பட்டிருக்கிறது. ஆடிப் பதினெட்டு வந்தால் ஒவ்வொரு வருஷமும் காவிரிப் பக்கத்திலிருந்தும் கொள்ளிடத்திலிருந்தும் ஏதாவது ஒரு சேதி வரத்தான் செய்கிறது.

"சாப்பாடுதானேம்மா, மாடியில வச்சுச் சாப்பிடுவோம். காத்து நல்லா வருது" என்றார். அப்படியே நடந்தது. மொட்டை மாடியில் பாய் விரித்து, குடத்துத் தண்ணீருக்குப் பூப் போட்டு, சித்திரான்னம். முதல் இரண்டு வருஷம் பேரனும் பேத்தியும் குதித்தார்கள். ஆனால் மாடி என்றால் அடுப்படி கீழே இருக்கிறது. அடுப்படி இருந்தால் அப்பளம் சூடாகப் பொரித்துக் கொண்டுவரலாம். தண்ணீர்ச் சொம்பை மறந்துவிட்டால் ஒரு நடை. ஊறுகாய்க்கு ஒரு நடை. பொட்டலம் எதற்கு, பாத்திரத்திலேயே கொண்டுபோவோம் என்று ஆகி, பாத்திரம் வந்ததும் கரண்டி வந்து, கரண்டி வந்ததும் பரிமாற ஆள் வேண்டியதாயிற்று. மருமகள் பதினெட்டுப் படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். முட்டிவலியோடு அப்பாயியும் கைப்பிடியைப் பிடித்து ஒரு நடை போவார். கடைசியில் மாமியாரும் மருமகளும் கீழே அடுப்படியில் ஸ்டூலில் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிடுவார்கள். மகன் இதைக் கவனித்ததில்லை. கவனிக்கும்படி யாரும் சொன்னதும் இல்லை.

ஜூனில் அந்த ஜப்பான் படம் வந்ததோடு அப்பாயி பிடித்துக்கொண்டார். "இந்த ஆடிக்கு ஆத்துக்குப் போறோம்."

"என்னம்மா திடீர்னு?"

"புள்ள அவ்வளவு தூரத்துல ஆத்தோரத்துல உக்காந்து சாப்பிடுறான். எனக்கு என் ஆத்துக்குப் போவக் கூடாதா?"

"கால் வலிக்கும்மா. கரையில எறங்கணும், மணல்ல நடக்கணும்."

"மாடிப் படியில ஏறும்போது வலிக்காத காலு மணல்ல வலிக்குதா?"

மகன் பதில் சொல்லாமல் கடைக்குப் போய்விட்டார். ராத்திரி மருமகள்தான், தட்டை வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "அத்தை அங்க போனாதாங்க உக்காந்து சாப்பிடுவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நானும்" என்றார். மகன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மனைவியின் தட்டைத் தேடினாராம். அது இன்னும் கழுவிக் கவிழ்த்தபடி மேடையில் இருந்தது.

மறுநாள் நிபந்தனைகளோடு சம்மதித்தார். யாரும் தண்ணீரில் கால் வைக்கக்கூடாது. பேத்தி கண்ணைவிட்டு அகலக்கூடாது. மத்தியானம் இரண்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். உண்மையில் அவர் மனசுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது: அந்த வருஷம் ஆற்றில் தண்ணீரே இல்லை. ஜூலை தொடக்கத்தில் மேட்டூர் அணை 40 அடி அளவில் கிடந்தது. ஜூன் 12-ல் பாசனத்துக்குத் திறக்கவும் இல்லை. அப்பாயியும் ஊற்றுத் தோண்டத் தேங்காய்ச் சிரட்டையெல்லாம் எடுத்துவைத்துவிட்டார்.

ஆனால் குடகில் மழை கொட்டியது. கர்நாடகத்து அணைகள் நிரம்பி வழிந்தன. டிவியில் மேட்டூரின் அடிக்கணக்கு தினமும் ஏறியது. ஜூலை 30-ல் 120 அடி. அணை நிரம்பிவிட்டது. நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். மிகுதி வெள்ளம் முழுக்கக் கொள்ளிடத்துக்குத்தான். கரையோர மக்கள் ஆற்றில் இறங்கவேண்டாம் என்று எச்சரிக்கை. ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 3, சனிக்கிழமை.

பன்னிரண்டு வருஷம் மணலாகவே கிடந்திருந்தாலும் பரவாயில்லை, போகலாம் என்று முடிவெடுத்த வருஷத்திலா இப்படி வரவேண்டும்? வீட்டில் யாரும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி மகன் வீட்டுக்கு வந்தபோது அடுப்படியில் புளிக்காய்ச்சல் கொதிக்கிற வாசனை. அம்மாவைப் பார்த்தார். அப்பாயி திரும்பிப் பார்க்காமல் கிண்டிக்கொண்டிருந்தார்.

"கரையோட நிப்போம்" என்றார் மகன். "கீழ எறங்கக் கூடாது."

காலையில் பக்கத்து வீட்டு ஆம்னி வேனில் கிளம்பினார்கள். நான்கு பேருக்குப் பதினோரு பொட்டலம். அப்பாயிக்கு எண்ணிக் கட்டத் தெரியாது என்பதல்ல. ஆற்றுக்குப் போகும்போது கூடக் கட்டிப் போகவேண்டும் என்பது வழக்கம்.

அப்பாயி பிறந்த ஊர்க் கரையில் மூங்கில் குறுக்கே கட்டி ஓர் இளம் போலீஸ்காரர் நின்றிருந்தார். அதற்கு மேல் போக முடியாது. போகவும் யாருக்கும் தோன்றியிருக்காது. பேத்தி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது அவள் பார்த்திருந்த கொள்ளிடம் மணல், நாணல், நடுவில் ஒரு கோடு தண்ணீர். இது கரைக்குக் கரை செந்நிறமாக, மரக்கிளையும் ஆகாயத்தாமரையும் சுழன்றுகொண்டு, உறுமிக்கொண்டு போயிற்று.

"இதுலதான் நீ நீச்சல் அடிப்பியா அப்பாயி?"

"இதுல எவன் அடிப்பான்? இது ஆத்தா கோவமா போறா. பாத்துக் கும்பிட்டுக்க."

கரையின் மேல் ஒரு புளியமரம். அதன் அடியில் ஜமுக்காளம் விரித்தார்கள். ஏற்கெனவே ஏழெட்டுக் குடும்பம் அப்படி உட்கார்ந்திருந்தது. ஊற்றுக்குக் கொண்டுவந்த சிரட்டையால் கரை மண்ணைக் குவித்து, குடத்துத் தண்ணீர் தெளித்து, மஞ்சள் பிள்ளையார். மருமகள் கயிறு மாற்றிக்கொண்டார். அந்த நேரம் அப்பாயி எழுந்து சற்றுத் தள்ளிப்போய் மரத்தைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். தாத்தா போனதிலிருந்து கயிறு கட்டும்போது அவர் தள்ளித்தான் நிற்பார். பேத்தி மீதி இருந்த மஞ்சள் கயிறை எடுத்துக்கொண்டு போய், கேட்காமல் அவர் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிபோட்டாள். "கையிலதானே, கட்டிக்கலாம்" என்றாள். அப்பாயி வேண்டாம் என்று சொல்லவில்லை. முடி சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். மருமகள் பொட்டலத்தைக் கொடுத்துக்கொண்டே எழுந்து நின்றார். தண்ணீர் பாட்டிலைத் தேடினார். வேனில் விட்டுவிட்டேனோ என்று கிளம்பினார்.

"உக்காரு" என்றார் மகன். அவரே எழுந்து போனார். பாட்டிலோடு திரும்பி வந்தபோது மூன்று பேரும் பாதி சாப்பிட்டிருந்தார்கள். அவருக்குக் காத்திருக்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஆச்சரியம் இருந்ததாம். காட்டிக்கொள்ளவில்லை.

வாட்டிய இலையின் வாசனை ஏறிய புளிச்சோறு. எண்ணெய் மினுமினுத்தது. கடலைப்பருப்பு ஊறிப் பதமாக இருந்தது. பேத்தி இரண்டு பொட்டலம் தின்றாள். போலீஸ்காரரிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தனுப்பினார் அப்பாயி. டூட்டியில் சாப்பிடக்கூடாது என்றார் அவர். "பொட்டலந்தான் தம்பி, பையில வச்சுக்க, ராத்திரி வரைக்கும் கெடாது" என்று பதில் போயிற்று. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் மூங்கிலில் சாய்ந்தபடி பிரித்துவிட்டிருந்தார்.

ஒன்றரை மணிக்குப் பேரன் அழைத்தான். அங்கே சாயந்திரம் ஐந்து மணி. சனிக்கிழமை என்பதால் கியோட்டோ வந்திருக்கிறானாம். இந்த முறை மேலாளர் இல்லை, சொந்தக் காசு. அதனால் தளத்தில் இல்லை, தளங்களுக்குக் கீழே ஆற்றங்கரையில். அங்கே உட்காரக் காசு கிடையாது. கரை நெடுக ஜோடி ஜோடியாக, அளந்து வைத்தமாதிரி சம இடைவெளி விட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பதைக் காட்டினான். பிறகு கையில் இருந்ததைக் காட்டினான். கடற்பாசித் தாளில் சுற்றிய சோற்று உருண்டை. ஓனிகிரி. நடுவில் உப்பில் ஊறிய புளிப்புப் பழம்.

"புளிப்பு இருக்கா? அப்பச் சரி, ஊசாது" என்றார் அப்பாயி. பிறகு கைபேசியைத் திருப்பி ஆற்றைக் காட்டச் சொன்னார். பேத்தி காட்டினாள். எதிர்முனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. "அப்பா கூட்டிட்டு வந்தாரா?" என்று மெதுவாகக் கேட்டான். மகன் முகத்தைத் திருப்பி ஆற்றைப் பார்த்தார்.

கைபேசியை வாங்கி எட்டப் பிடித்துப் பார்த்த அப்பாயிக்கு வேறொன்று கண்ணில் பட்டது.

"நீ ஏன்டா நின்னுகிட்டே திங்கற?"

"உக்காந்தா பருந்து தூக்கிட்டுப் போயிடுது அப்பாயி. பின்னாலேர்ந்து வந்து கையில இருக்கிறதப் புடுங்குது. எச்சரிக்கை போர்டே வச்சிருக்காங்க."

"அங்க பாலம் கீலம் இல்லியா?"

"இருக்கு."

"அதுக்கு அடியில போயி, முதுகச் செவுத்துல ஒட்டிக்கிட்டு உக்காரு. உக்காந்து சாப்புடு."

அவன் பாலத்தை நோக்கி நடப்பது திரையில் ஆடி ஆடித் தெரிந்தது. அவன் உட்காரும் வரை அப்பாயி கைபேசியை வைக்கவில்லை.